கைமாற்றுக்கு ஒரு சாட்சி வேண்டும்

தேய்பிறை அஷ்டமி அன்று திண்டுக்கல் பக்கத்துத் தாடிக்கொம்பு சௌந்தரராஜப் பெருமாள் கோயிலுக்கு வரும் கூட்டம், பெருமாளைச் சேவித்த கையோடு சொர்ண ஆகர்ஷண பைரவர் சன்னிதிக்குத் திரும்பிவிடுகிறது. வாங்கிய கடன் தீர வேண்டும் என்று வேண்டிக்கொள்கிறவர்கள் உண்டு. கொடுத்த பணம் கைக்கு வர வேண்டும் என்று வேண்டிக்கொள்கிறவர்களும் உண்டு. இருவரும் நிற்பது ஒரே வரிசையில். யார் எந்தக் கவலையோடு வந்தார் என்று முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது. இரண்டு கவலையும் ஒருவருக்கே இருப்பதும் நம் பக்கத்தில் புதிதல்ல. மகள் கல்யாணத்துக்கு வட்டிக்கு வாங்கியவரே, மச்சானுக்குக் கைமாற்றாகக் கொடுத்ததைக் கேட்க வாய் வராமல் தவித்துக்கொண்டிருப்பார்.

கடனைப் பற்றிப் பேச உட்கார்ந்தால், வாங்கியவரை ஒரு பக்கமும் கொடுத்தவரை எதிர்ப்பக்கமும் நிறுத்திவிடுவது நம் வழக்கம். அந்த வரிசையைக் கண்டவர்களுக்கு அப்படி நிறுத்தத் தோன்றாது. கைப்பேசி வழியாகக் கடன் கொடுப்பதும் வாங்குவதும் தாடிக்கொம்பு, அகரம், வேடசந்தூர் வரை வந்துவிட்ட இந்த நேரத்தில், இருவரையும் சேர்த்து உட்கார வைத்துப் பேச வேண்டியிருக்கிறது.

முதலில் புதியதைப் பார்ப்போம். கையில் பணம் உள்ள ஒருவர், பணம் தேவைப்படும் இன்னொருவருக்கு ஓர் இணையதளம் அல்லது செயலி வழியாக நேரே கடன் கொடுப்பதை ‘பி டு பி’ கடன் என்கிறார்கள். வங்கியில் நாம் போடும் பணத்துக்கு வங்கி பொறுப்பு. இங்கே தளம் இருவரையும் சேர்த்துவைக்கும் தரகர் மட்டுமே. 2016 ஏப்ரலில் இதுபற்றிக் கருத்துக் கேட்ட ரிசர்வ் வங்கி, 2017 அக்டோபர் 4 அன்று விதிமுறைகளை வெளியிட்டது. அந்த விதிகளை நிதானமாகப் படித்தால், பழைய ஊர்ப் பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருந்து எழுதவைத்த மாதிரி இருக்கும். தளம் தன் பணத்தைக் கடனாகக் கொடுக்கக் கூடாது. வைப்புத்தொகை வாங்கக் கூடாது. கடனுக்கு உத்தரவாதம் தரக் கூடாது. ஒருவர் ஒரே ஆளுக்கு ரூ.50,000-க்கு மேல் கொடுக்கக் கூடாது. வாங்குபவர் எல்லாத் தளங்களிலும் சேர்த்து ரூ.10 லட்சத்துக்கு மேல் வாங்கக் கூடாது. தவணைக் காலம் 36 மாதங்களைத் தாண்டக் கூடாது. பணம் தளத்தின் சொந்தக் கணக்குக்குள் வராமல், பொறுப்பாளர் கண்காணிக்கும் தனி வங்கிக் கணக்கு வழியாகப் போய்வர வேண்டும். ஒப்பந்தத்தில் கொடுப்பவர், வாங்குபவர் இருவருமே கையெழுத்திட வேண்டும். திருப்பிக் கட்டிய விவரமும் கட்டாத விவரமும் கடன் தகவல் நிறுவனங்களுக்குப் போக வேண்டும். கொடுப்பவருக்கான மொத்த உச்சவரம்பு முதலில் ரூ.10 லட்சமாக இருந்தது. 2019 டிசம்பரில் ரூ.50 லட்சமானது.

இத்தனை விதிகளுக்கும் உள்ளே ஓடுவது ஒரே எண்ணம்தான். கொடுப்பவருக்கு வாங்குபவர் யார் என்று தெரிய வேண்டும். இருவருக்கும் நடுவில் நடந்ததற்கு ஒரு சாட்சி இருக்க வேண்டும்.

அடுத்த சில ஆண்டுகளில் நடந்தது இதற்கு நேர்மாறானது. பிரபலமான சில பணப் பரிமாற்றச் செயலிகளே தளங்களோடு சேர்ந்துகொண்டு, ‘பன்னிரண்டு சதவீதம் வரை வருமானம், வேண்டும்போது எடுத்துக்கொள்ளலாம்’ என்று விளம்பரம் செய்தன. பணம் போட்டவருக்குத் தன் பணம் யார் கைக்குப் போனது என்று தெரியாது. தெரிந்துகொள்ளத் தேவையும் இருக்கவில்லை. தெரியாத நூறு பேருக்குக் கடன் கொடுக்கிறோம் என்ற நினைப்பே இல்லாமல், வங்கியில் டெபாசிட் போடுகிறோம் என்று நினைத்தே பலர் போட்டார்கள். ஒருவர் எடுக்க வந்தால் இன்னொருவர் போட்ட பணத்திலிருந்து கொடுப்பது நடந்தது. 2024 ஆகஸ்ட் 16 அன்று ரிசர்வ் வங்கி விதிகளை இறுக்கியது. குறிப்பிட்ட காலத்துக்குக் குறிப்பிட்ட வருமானம் என்று சொல்லி இதை முதலீடாக விற்கக் கூடாது. நினைத்தபோது எடுக்கலாம் என்று சொல்லக் கூடாது. அந்தத் தனி வங்கிக் கணக்குக்கு வந்த பணம் அடுத்த நாளுக்குள் உரியவருக்குப் போய்விட வேண்டும். அசலோ வட்டியோ வராமல் போனால் நட்டம் முழுவதும் கொடுத்தவருடையது. அப்படி எவ்வளவு நட்டமானது என்பதைத் தளம் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். இந்தத் திருத்தத்துக்குப் பிறகு பல தளங்களின் வியாபாரம் சுருங்கிப்போனது.

வெளிநாட்டு அனுபவமும் இதையே சொல்கிறது. இந்தத் தொழிலை 2005-இல் உலகில் முதலில் தொடங்கியது பிரிட்டனின் ஜோப்பா. அது வங்கியாக மாறி, 2021 முடிவில் ‘பி டு பி’ கடன் பகுதியை மூடிவிட்டது. அமெரிக்காவின் லெண்டிங் கிளப் 2020 முடிவில் சாதாரண மக்களிடம் பணம் பெறுவதை நிறுத்தியது. சீனாவில் ஈஜுபாவ் என்ற ஒரே தளத்தில் சுமார் 9 லட்சம் பேர் பணம் போட்டு ஏமாந்தார்கள். 2016 தொடக்கத்தில் அது பொன்சி மோசடி என்று வெளிப்பட்டது. ஒரு காலத்தில் ஆயிரக்கணக்கில் இருந்த சீனத் தளங்களில் 2020 நவம்பரில் ஒன்றுகூட மிஞ்சவில்லை என்று அந்நாட்டு அதிகாரிகளே அறிவித்தார்கள். முகம் தெரியாத கடனை முகம் தெரிந்த கடனைப் போல நடத்த முடியும் என்ற நம்பிக்கைக்கு எல்லா நாட்டிலும் ஏதோ ஒரு விலை கொடுத்திருக்கிறார்கள்.

இதெல்லாம் பெருநகரத்துக் கதை என்று தள்ளிவிட முடியாது. வேடசந்தூர் பக்கத்து நூல் மில்களுக்கு வேனில் போய்வரும் பெண்களின் சேமிப்பு, ஓய்வுபெற்ற ஆசிரியருக்குக் கைக்கு வந்த பணிக்கொடை, வெளிநாட்டில் இருக்கும் பையன் அனுப்பிய தொகை எல்லாம் இந்தத் தளங்கள் தேடும் பணம்தான். ரூ.5,000 அவசரத்துக்காகப் பெயர் தெரியாத கடன் செயலியைத் தட்டுகிறவர்களும் இதே தெருக்களில் இருக்கிறார்கள்.

ஆனால், தனிநபருக்குத் தனிநபர் கடன் கொடுப்பதை நமக்கு எந்தச் செயலியும் சொல்லித்தர வேண்டியதில்லை. கைமாற்று, ஏலச் சீட்டு, குலுக்கல் சீட்டு, மொய் என்று இந்த மண்ணில் எத்தனையோ வழிகள் ஏற்கெனவே இருக்கின்றன. இவற்றில் எது நின்றது, எது குடும்பத்தை அழித்தது என்று யோசித்தால் வட்டி விகிதத்தை விடவும் முக்கியமான ஒன்று கண்ணில் படும்.

மொய்யை எடுத்துக்கொள்வோம். மதுரை, திண்டுக்கல், தேனி பக்கம் காதுகுத்து என்றாலும் கல்யாணம் என்றாலும் மண்டப வாசலில் மொய் எழுத ஆள் உட்கார்ந்திருப்பார். இப்போது கணினியில் பதிந்து அச்சிட்ட ரசீதும் தருகிறார்கள். பேராவூரணி, கீரமங்கலம் பக்கம் மொய் விருந்து என்றே ஆடி மாதத்தில் தனியாக வைக்கிறார்கள். ஆயிரம் செய்தவருக்கு அவர் வீட்டு விசேஷத்தில் அந்த ஆயிரத்தோடு கொஞ்சம் கூட வைத்துச் செய்ய வேண்டும். வட்டி கிடையாது, பத்திரம் கிடையாது, ஜாமீன் கிடையாது. ஒரே நாளில் திரளும் தொகையில் வீடு எழும்பியிருக்கிறது, ஆழ்துளைக் கிணறு போட்டிருக்கிறார்கள், பிள்ளைகள் கல்லூரிக்குப் போயிருக்கிறார்கள். நீதிமன்றம் போகாமல் இவ்வளவு பெரிய கொடுக்கல் வாங்கல் நடப்பதற்குக் காரணம் அந்த மொய் நோட்டு. செய்தவர் வீட்டில் ஒன்று, வாங்கியவர் வீட்டில் ஒன்று, பார்த்துக்கொண்டிருந்த ஊர் நினைவில் இன்னொன்று.

மொய்யைப் புகழ்வதோடு நிறுத்திவிடுவதும் நேர்மையாகாது. திருப்பிச் செய்ய வேண்டிய மாதத்தில் கையில் காசில்லாமல், வட்டிக்கு வாங்கி மொய் செய்கிற வீடுகள் எத்தனை! ஆவணி, தை மாதங்களில் ஒரே முகூர்த்த நாளில் நான்கு பத்திரிகைகள் வந்துவிட்டால் கூலிக் குடும்பம் என்ன செய்யும்? ஊர் பார்க்கிறது என்பது நாணயத்தைக் காக்கும். அதே ஊர்ப் பார்வை கழுத்தையும் நெரிக்கும். இதற்கும் ஊர் கூடித்தான் ஒரு முடிவு எடுக்க முடியும். இயலாதவர் ஒரு வருடம் தள்ளிச் செய்யலாம், அதைக் குறையாகப் பேசக் கூடாது என்று உறவின்முறைக் கூட்டங்களில் ஒரு தீர்மானம் போட்டால் பல வீடுகள் மூச்சுவிடும்.

மகளிர் குழுக்களும் இப்படித்தான் நின்றன. 1989-இல் தருமபுரியில் தொடங்கிய மகளிர் மேம்பாட்டுத் திட்டமும், 1990-களில் மதுரைப் பக்கத்தில் வளர்ந்த களஞ்சியம் குழுக்களும் வெற்றி பெற்றது வட்டி குறைவு என்பதால் மட்டும் இல்லை. யார் வாங்கினார், எதற்கு வாங்கினார், எத்தனை தவணை பாக்கி என்று பதினைந்து, இருபது பேருக்குத் தெரியும். சீட்டும் அப்படியே. 1982-ஆம் ஆண்டுச் சீட்டு நிதிச் சட்டப்படி பதிவு செய்து, ஏலத்தை உறுப்பினர்கள் முன்னால் நடத்தி, நடவடிக்கைக் குறிப்பு எழுதும் சீட்டு ஓடிக்கொண்டிருக்கிறது. வாயால் சொல்லிச் சேர்த்து, தீபாவளிக்கு முந்திய வாரத்தில் வீட்டைப் பூட்டிக்கொண்டு போன சீட்டுக்காரரைப் பற்றிய கதை ஒன்றாவது ஒவ்வோர் ஊரிலும் இருக்கிறது.

சாட்சியே இல்லாத கடன் என்றால் அது கந்துவட்டி. கையெழுத்து மட்டும் போட்ட வெற்று புரோ நோட்டு, தொகை எழுதாத செக், ஏடிஎம் அட்டை என்று வாங்கி வைத்துக்கொள்கிறார்கள். எவ்வளவு கொடுத்தார், எவ்வளவு வந்தது என்பது கொடுத்தவர் டைரியில் மட்டும் இருக்கும். கணக்குத் தெரியாததால் வட்டியும் தெரிவதில்லை. வார வட்டிக்குப் பத்தாயிரம் கேட்டால், 1,500-ஐப் பிடித்துக்கொண்டு 8,500 தருவார். வாரம் 1,000 வீதம் பத்து வாரம் கட்ட வேண்டும். ‘பதினைந்து பர்சென்ட்தானே’ என்று வாங்கியவர் நினைத்துக்கொள்கிறார். அசல் வாரா வாரம் குறைந்துகொண்டே வருவதைச் சேர்த்துக் கணக்கிட்டால் வாரத்துக்கு மூன்று சதவீதத்துக்கு மேல் வட்டி. ஆண்டுக்கு ஏறக்குறைய 160 சதவீதம். இதை மில் வாசலிலும் பூ மார்க்கெட்டிலும் ஒரு தாளில் எழுதிக் காட்ட ஆள் இல்லாததுதான் நம் குறை. திண்டுக்கல்லில் எத்தனை கல்லூரிகள், பக்கத்தில் காந்திகிராமப் பல்கலைக்கழகம். வணிகவியல் படிக்கும் பிள்ளைகள் மாதத்தில் ஒரு நாள் இதைச் செய்தால் போதும்.

சட்டம் இல்லை என்று சொல்ல முடியாது. 2003-இல் தமிழ்நாடு கொண்டுவந்த அதீத வட்டி வசூல் தடைச் சட்டம் கந்து வட்டி, மீட்டர் வட்டி, நாள் வட்டி, மணி வட்டி, தண்டல் எல்லாவற்றையும் பெயர் சொல்லியே தடை செய்கிறது. மூன்று ஆண்டு வரை சிறை உண்டு. அந்தச் சட்டம் வந்து பதினான்கு ஆண்டுகள் கழித்து, 2017 அக்டோபர் 23 அன்று திருநெல்வேலி ஆட்சியர் அலுவலக வளாகத்தில் கணவன், மனைவி, இரண்டு பெண் குழந்தைகள் என ஒரு குடும்பமே தீக்கு இரையானது. கந்துவட்டிக்கு எதிராக மனு கொடுத்துக் கொடுத்து ஓய்ந்துபோன குடும்பம் அது. கடன் வசூலில் நடக்கும் வன்முறையைத் தண்டிக்க 2025 ஏப்ரலில் சட்டப்பேரவை இன்னொரு சட்டமும் நிறைவேற்றியது. செயலி வழிக் கடன் கொடுப்பவர்களும் அதற்குள் வருகிறார்கள். இரண்டு சட்டங்களும் உயிர் பெறுவது காவல் நிலையத்தின் மேசையில். ‘இது சிவில் மேட்டர், நீங்களே பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள்’ என்று ஒரு புகார் திருப்பி அனுப்பப்பட்டால், அதற்கு அடுத்த நாள் கடன் கொடுத்தவர் குரல் இன்னும் உயர்ந்திருக்கும். இந்த வார்த்தை இனி நம் காவல் நிலையங்களில் கேட்கக் கூடாது.

பொறுப்பைக் காவல்துறையோடும் முடித்துவிட முடியாது. கொடுப்பவர்கள் பக்கம் வருவோம். தாடிக்கொம்பில் இரண்டு வட்டிக்குக் கொடுத்து வைத்திருக்கும் குடும்பங்கள் கந்துவட்டிக்காரர்கள் இல்லை. ஓய்வூதியம் போதாத விதவைத் தாய்மார்களும், ஒரு மாட்டை விற்ற காசை வைத்திருக்கும் பெரியவர்களும் அவர்களில் உண்டு. நூற்றுக்கு மாதம் இரண்டு ரூபாய் என்றால் ஆண்டுக்கு 24 சதவீதம் என்பதை அவர்கள் மனத்தில் வைக்க வேண்டும். வாங்குகிறவரின் பயிரோ கூலியோ அவ்வளவு ஈட்டித் தருமா என்று கேட்டுப் பார்த்துத்தான் கொடுக்க வேண்டும். பணத்தை வங்கிக் கணக்கு வழியாகக் கொடுப்பதே இருவருக்கும் நல்லது. ரூ.20,000 அல்லது அதற்கு மேல் கடனை ரொக்கமாக வாங்கக் கூடாது என்று வருமான வரிச் சட்டமே சொல்கிறது. இருவருக்கும் விவசாய வருமானம் மட்டும் என்றால்தான் விலக்கு. தொகை, தேதி, வட்டி மூன்றையும் எழுதிய பிறகே புரோ நோட்டில் கையெழுத்து. நோட்டுக்கு மூன்று ஆண்டுதான் ஆயுள்; அதற்குள் வரவு வைக்க வேண்டும் அல்லது புதுப்பிக்க வேண்டும். கைப்பேசியில் கடன் கொடுக்க நினைப்பவர்கள், தளத்தின் பெயர் ரிசர்வ் வங்கியின் பதிவுப் பட்டியலில் இருக்கிறதா என்று பார்த்த பிறகே ஒரு ரூபாயை அனுப்ப வேண்டும். பதிவு பெற்ற தளத்திலும் பணம் போனால் போனதுதான். மகள் கல்யாணத்துக்கு வைத்திருப்பதை அங்கே போடக் கூடாது. மாதம் இருபத்தைந்து, முப்பது சதவீதம் என்று ஆசை காட்டி ஆருத்ரா நிறுவனம் சுமார் ஒரு லட்சம் பேரிடம் ரூ.2,438 கோடி திரட்டிய வழக்கை 2022 முதல் தமிழ்நாடே பார்த்துக்கொண்டிருக்கிறது. பெயர் என்னவாக இருந்தாலும், உறுதியான வருமானம் என்று சொல்லும் கடன் தளம் இன்று விதியை மீறுகிற தளம்.

வாங்குகிறவர்களிடம் கேட்க ஒன்று இருக்கிறது. வீட்டில் ஒருவருக்காவது சொல்லிவிட்டு வாங்குங்கள். குழு லோன் மூன்று, நகைக்கடன் ஒன்று, செயலிக் கடன் இரண்டு என்று ஒவ்வொன்றையும் ஒவ்வொருவரிடம் மறைத்து வைத்திருப்பதுதான் கடைசியில் ஆளைச் சாய்க்கிறது. 2022 செப்டம்பர் முதல் உள்ள ரிசர்வ் வங்கி விதிப்படி, முறையான கடன் செயலி உங்கள் கைப்பேசியில் உள்ள தொடர்பு எண்களையும் படங்களையும் தொடக் கூடாது. கடன் தொகை நேரே உங்கள் வங்கிக் கணக்குக்கு வர வேண்டும். எல்லாக் கட்டணங்களும் சேர்ந்த ஆண்டு வட்டியை முன்கூட்டியே எழுத்தில் தர வேண்டும். வங்கி, நிதி நிறுவனங்களின் வசூல்காரர்கள் காலை 8 மணிக்கு முன்போ இரவு 7 மணிக்குப் பின்போ பாக்கி கேட்டு அழைக்கக் கூடாது. படத்தை மாற்றி உறவினர்களுக்கு அனுப்புவேன் என்று மிரட்டினால் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணை அழைத்துச் சொல்லுங்கள். வெட்கப்பட வேண்டியவர் மிரட்டுகிறவர்.

மில் நிர்வாகங்கள் இதில் பார்வையாளர்களாக இருக்க முடியாது. மாதக் கடைசியில் ரூ.3,000 முன்பணம் வட்டியில்லாமல் கிடைத்து, மூன்று மாதச் சம்பளத்தில் பிடித்துக்கொள்ளும் ஏற்பாடு இருந்தால், அந்தப் பெண் ஏன் வாரத் தண்டலுக்குப் போகிறாள்? கூட்டுறவுக் கடன் சங்கங்கள் நகைக்கடனோடும் பயிர்க்கடனோடும் நின்றுவிடாமல், சின்னத் தொகையை இரண்டு நாளில் கொடுக்கப் பழக வேண்டும். 1895, 1897 ஆண்டுகளில் பிரெடெரிக் நிக்கல்சன் சென்னை மாகாணத்துக்குத் தந்த அறிக்கைகள் கிராமக் கூட்டுறவுக் கடனை வலியுறுத்தின. 1904-இல் திருவள்ளூர் பக்கம் திரூரில் முதல் கடன் சங்கம் பிறந்தது. அந்தச் சங்கங்கள் பிறந்ததே வட்டிக்காரரிடம் குடியானவர் போகாமல் இருக்கத்தான். கோயில் நிர்வாகமும், அஷ்டமி நாளில் வரும் கூட்டத்தின் கண்ணில் படும்படி, கந்துவட்டிப் புகாருக்கு யாரை அணுகலாம், போலி நிதித் தளங்களைப் பற்றி ரிசர்வ் வங்கியின் ‘சசேத்’ தளத்தில் எப்படித் தெரிவிக்கலாம் என்று ஒரு பலகை வைக்கலாம்.

தாடிக்கொம்புப் பேரூராட்சி மன்றத்திடம் ஒரு வேண்டுகோள். கட்சி பார்க்காமல் எல்லா வார்டு உறுப்பினர்களும், மகளிர் குழுக்களின் பொறுப்பாளர்களும், கூட்டுறவுச் சங்கச் செயலாளரும், ஒரு வழக்கறிஞரும் மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பேரூராட்சிக் கூடத்தில் இரண்டு மணி நேரம் உட்காரட்டும். கொடுத்தவரும் வாங்கியவரும் சேர்ந்து வந்தால் கணக்கைப் பார்த்து எழுதிக்கொடுப்பது, கடன் அடைந்துவிட்டால் வெற்று நோட்டையும் செக்கையும் அங்கேயே திருப்பிக் கொடுக்கவைப்பது, மிரட்டல் என்றால் புகாரை எழுதி உடன் ஒருவர் காவல் நிலையம் வரை போவது என்று மூன்று வேலை போதும். தீர்ப்புச் சொல்லவோ அபராதம் போடவோ அதற்கு அதிகாரம் கிடையாது. அதை ஒரு பஞ்சாயத்தாக மாறவும் விடக் கூடாது. வருகிறவர்களின் பெயர் வெளியே போகாமல் காக்க வேண்டும். செலவு என்று பார்த்தால் இரண்டு மேசையும் ஒரு பதிவேடும்தான். வருகிற மன்றக் கூட்டத்தின் பொருள் நிரலில் இதைச் சேர்க்க எந்த வார்டு உறுப்பினர் முன்வந்தாலும், மற்றவர்கள் வழிமொழிய வேண்டும்.